திறப்பு யாருடைய கையில்?

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பல்கலைக்கழகப் பிள்ளைகளுடையவை. சனசமூக நிலையக் கணக்கு எழுதுவது பற்றிப் போன இதழில் நான் சொன்னதைப் பார்த்துவிட்டு, “எங்கள் கழகத்துக்கும் சொல்லுங்கள் ரீச்சர்” என்று எழுதியிருக்கிறார்கள். ஐந்து கடிதங்களை எடுத்திருக்கிறேன். ஊரைத் தவிர வேறு அடையாளம் போடவில்லை. புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தின் இலத்திரனியல் ஆய்வுகூடத்தில் 26 வருடம் போதனாசிரியையாக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு உப்புவெளியில் இருக்கிறேன். பிள்ளைகள் கட்டிய ரொபோக்களோடும் அவர்கள் போட்ட சண்டைகளோடும் நீண்ட காலம் வாழ்ந்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் ரொபோட்டிக்ஸ் கழகம் தொடங்கி இரண்டு வருடம். இவ்வளவு நாளும் யாப்பு இல்லாமலே நடந்தது. இப்போது பதிவு செய்வதற்கு யாப்பு கேட்கிறார்கள். நான் செயலாளர் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. வெளிநாட்டுக் கழகம் ஒன்றின் யாப்பைப் பார்த்து எழுதத் தொடங்கினேன், 16 பக்கம் வந்துவிட்டது. “இதை யார் வாசிக்கப் போகிறார்கள்?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கட்டாயம் இருக்க வேண்டியவை எவை ரீச்சர்?
– மூன்றாம் வருட மாணவன், சாம்பல்தீவு

பதில்: தம்பி, அந்த 16 பக்கத்தையும் கொஞ்ச நாளைக்கு மேசை லாச்சிக்குள் வையுங்கள். ஒரு வெற்றுத் தாளை எடுத்து, இந்த இரண்டு வருடத்தில் உங்கள் கழகத்துக்குள் நடந்த சண்டைகளை ஒன்று விடாமல் எழுதுங்கள். யார் சரி, யார் பிழை என்று எழுத வேண்டாம். என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு வரும். உங்கள் யாப்பு அந்தத் தாளில்தான் இருக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைகளின் யாப்பு அவர்களுடைய அறையில் நடந்தவற்றிலிருந்து வந்தது. உங்களுடையது உங்கள் அறையிலிருந்து வரட்டும்.

முதலாவதாக என்ன வரும் என்று என்னால் இங்கிருந்தே சொல்ல முடியும். திறப்பு. எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு தைப்பொங்கலை ஒட்டி இது நடந்தது. அறைக்குத் திறப்பு ஒன்றுதான். அதை வைத்திருந்த பையன் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டான். போட்டிக்கு ஐந்து நாள் இருந்தது. நாலு பிள்ளைகள் யன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே மேசையில், சில்லுகள் மேலே பார்க்க, அவர்களுடைய ரொபோ கவிழ்ந்து கிடந்தது. அந்த முகங்களை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. திறப்பு யாரிடம் இருக்க வேண்டும் என்று எழுதி வைக்காததால் வந்த வினை.

எனவே திறப்பைப் பற்றி முதலில் எழுதுங்கள். எத்தனை திறப்பு, யார் யாரிடம், ஊருக்குப் போகிறவர் யாரிடம் கொடுத்துவிட்டு எந்தக் கொப்பியில் கையெழுத்து வைப்பது என்பதெல்லாம் வர வேண்டும். ஒன்று எப்போதும் துறை அலுவலகத்தில் இருக்கட்டும். யாருக்குத் திறப்புக் கிடைக்கும் என்பதையும் எழுதுங்கள். அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1946 இல் தொடங்கிய மாதிரி ரயில் கழகம் ஒன்று உண்டு. கணினித் துறையின் முன்னோடிகள் சிலர் அங்கே வயருக்குள்ளும் ரிலேக்குள்ளும் கிடந்து வளர்ந்தவர்கள். அந்தக் கழகத்தில் 40 மணி நேரம் வேலை செய்தவருக்கு அறைத் திறப்புக் கிடைத்தது. எந்த வருடம், யாருடைய ஆள் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. உங்களுக்கு 40 கூடவென்றால் 20 என்று வையுங்கள். ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

அடுத்தது பற்றரி. இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்கள் ரொபோவில் போடும் லிதியம் பொலிமர் பற்றரி பார்வைக்கு ஒரு சவர்க்காரக் கட்டி மாதிரி இருக்கும். ஒரு செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். மூன்று செல் சேர்ந்த பற்றரிக்கு 12.6. அதற்கு மேலே ஏற்றினால் ஆபத்து. ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கெட்ட பிறகு மறுபடி ஏற்றப் பார்த்தாலும் ஆபத்து.

ஒரு ஓகஸ்ட் மாதம், மத்தியானம், தகரக் கூரை. ஒருவர் பற்றரியைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். செல்களைச் சமமாக ஏற்றுவதற்கென்று இருக்கும் சின்ன வயரைக் கொழுவவில்லை. வாசலுக்கு வரும்போதே எனக்கு ஒரு மணம் அடித்தது, இனிப்பாக, நகப்பூச்சு மாதிரி. பற்றரி தலையணை போல உப்பிக்கொண்டிருந்தது. வயரைப் பிடுங்கித் தும்புத்தடியால் மணல் வாளிக்குள் தள்ளுவதற்கிடையில் சீறிக்கொண்டு பற்றிவிட்டது. அந்த வாளி அங்கே இருந்ததே தற்செயல், பூச்சாடிக்கென்று யாரோ கொண்டுவந்து வைத்த மணல். மேசையில் உள்ளங்கை அளவுக்குக் கரி பிடித்தது. அந்த மேசையைச் சீவிப் பொலிஷ் பண்ண நான் விடவில்லை. பிறகு வந்த ஒவ்வொரு அணியையும் அந்தக் கரியில் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் விதியைச் சொன்னேன்.

விதி இதுதான்: ஆள் இல்லாத அறையில் பற்றரி சார்ஜில் இருக்கக் கூடாது. உப்பிய பற்றரியை அன்றைக்கே ஒதுக்க வேண்டும், “இன்னும் ஒரு ஓட்டம் ஓடும்” என்று யாரும் சொல்லக் கூடாது. விடுமுறைக்குப் போகும்போது செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்து இரும்புப் பெட்டிக்குள் போட வேண்டும். இவற்றைப் பார்ப்பதற்கு ஒரு பாதுகாப்புப் பொறுப்பாளரைத் தெரிவு செய்யுங்கள். அவர் “நிறுத்து” என்றால் தலைவரும் நிறுத்த வேண்டும் என்று யாப்பிலேயே எழுதுங்கள். முதலாம் வருடப் பிள்ளை அந்தப் பொறுப்பில் இருந்தாலும் அப்படித்தான். தலைவரை நிறுத்தக்கூடிய ஒருவர் இல்லாத பட்டறை எனக்குப் பயம்.

மூன்றாவதை வெளியாட்கள் யோசிக்கவே மாட்டார்கள். போன வருட ரொபோவைக் கழற்றலாமா? உங்களிடம் காசு இல்லை. புது மோட்டர் கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வர வேண்டும். பழைய ரொபோவில் நாலு நல்ல மோட்டர் சும்மா கிடக்கிறது. புதியவர்கள் ஸ்குரூ டிரைவரை எடுக்கிறார்கள். அதைக் கட்டியவர்கள் கடைசி வருடத்தில் வந்து பார்த்துவிட்டுக் கண்கலங்கிப் போகிறார்கள். நான் இரண்டு பக்கத்தையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் நியாயம்தான். கடைசியில் நாங்கள் வைத்த வழி: அடுத்த போட்டி முடியும் வரை பழையதைத் தொடக் கூடாது. பிறகு கழற்றலாம். ஆனால் கழற்றுவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்து, வயர் இணைப்பைத் தாளில் வரைந்து, நிரலின் கடைசிப் பிரதியையும் சேர்த்து வைக்க வேண்டும். கட்டியவர்களுக்கு ஒரு வாரம் முன்னரே சொல்ல வேண்டும். முடிந்தால் அவர்களே வந்து முதல் ஆணியைக் கழற்றட்டும். பலர் வந்தார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காசு விடயத்தில், நம் பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளர் ஒருவர் சிரேஷ்ட பொருளாளராக இருப்பது வழக்கம். அவர் கையெழுத்தோடு ஒரு மாணவர் கையெழுத்தும் இல்லாமல் வங்கியிலிருந்து சதமும் வரக் கூடாது. பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் கொப்பியில் ஒட்டுங்கள். சீட்டுத் தராத கடையில் வாங்கினால் வாங்கியவரும் கூடப் போனவரும் எழுதிக் கையெழுத்து வையுங்கள். 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தில் மாணவர் சங்கங்களுக்கென்று பகுதி இருக்கிறது. அதையும் உங்கள் பல்கலைக்கழக விதிகளையும் நூலகத்தில் எடுத்து ஒரு தடவை வாசித்துவிடுங்கள். உங்கள் யாப்பு அவற்றோடு முட்டக் கூடாது.

கோரத்தை, அதாவது ஒரு முடிவெடுக்கக் கூட்டத்துக்கு வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையை, மொத்த உறுப்பினரில் பாதி என்று வைக்காதீர்கள். முதல் கூட்டத்தில் 80 பேர் பெயர் கொடுப்பார்கள், பரீட்சைக் காலத்தில் 9 பேர் வருவார்கள், ஒரு முடிவும் எடுக்க முடியாது. அந்த அரையாண்டில் குறைந்தது இத்தனை நாள் வேலைக்கு வந்தவர் செயற்படும் உறுப்பினர் என்று எழுதி, கோரத்தை அவர்களிலிருந்து கணக்கிடுங்கள். வாக்கும் அவர்களுக்குத்தான். அப்புறம், யாப்பைத் திருத்தும் யோசனை வந்த கூட்டத்திலேயே அதற்கு வாக்கெடுக்கக் கூடாது. இரண்டு கிழமை அறிவித்தல் கொடுங்கள். கோபத்தில் பிறக்கும் திருத்தங்கள் அந்த இரண்டு கிழமையில் தாமாகவே போய்விடும்.

எல்லாம் சேர்த்து நாலு பக்கத்துக்கு மேலே போகாது.

கேள்வி: எங்கள் கழகத்தில் போட்டிக்குப் போகும் அணியில் மூன்று வருடமாக ஒரே ஆட்கள். பெண் பிள்ளைகள் ஏழு பேர் இருக்கிறோம். எங்களுக்குக் கிடைப்பது பதாகை எழுதுவது, படம் எடுப்பது, சிற்றுண்டி ஒழுங்கு செய்வது. கேட்டால் “உங்களுக்கு அனுபவம் இல்லை” என்கிறார்கள். வேலை தொடங்குவதே இரவு எட்டு மணிக்குப் பிறகு. விலகிவிடலாமா?
– இரண்டாம் வருட மாணவி, கிண்ணியா

பதில்: விலக வேண்டாம் மகள். ஏழு பேர் என்பது சின்ன எண்ணிக்கை இல்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒருவர் முன்மொழிந்து ஒருவர் வழிமொழிந்தால், மீதி ஐந்து கையும் உயரும்.

போட்டி அணியில் இடம் குறைவு என்பது உண்மைதான். ஆசிய பசிபிக் நாடுகளின் ரொபோகொன் போட்டி 2002 இல் டோக்கியோவில் தொடங்கியது. நடத்தும் நாடுதான் ஒவ்வொரு வருடமும் கருப்பொருளையும் விளையாட்டையும் தீர்மானிக்கிறது. அப்படியென்றால் ஒவ்வொரு வருடமும் எல்லாரும் புதிதாகத்தான் தொடங்குகிறார்கள். போன வருட அனுபவம் பாதி உதவும், மீதிப் பாதிக்குப் புதுக் கண் வேண்டும். அனுபவம் என்ற சொல்லை வைத்து வாசலை அடைப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

மூன்று தீர்மானங்களைக் கொண்டுபோங்கள். ஒன்று, கழக வேலை நேரம் பகலில் இருக்க வேண்டும். பின்னேரம் நாலிலிருந்து ஆறரை வரை என்று வைத்தால் பஸ்ஸில் வருபவர்களும் விடுதிக்குத் திரும்ப வேண்டியவர்களும் இருக்கலாம். முக்கியமான முடிவு எதையும் அந்த நேரத்துக்கு வெளியே எடுக்கக் கூடாது. இரவில் எடுத்த முடிவை வட்ஸ்அப்பில் அறிவிப்பது கூட்டம் ஆகாது. இரண்டு, அணித் தெரிவு பரீட்சித்துப் பார்த்து நடக்க வேண்டும். ரொபோவை ஓட்டப்போகிறவர் யார் என்பதை மணிக்கூட்டை வைத்துப் பாருங்கள். ஆளுக்கு ஐந்து ஓட்டம், அணியில் இல்லாத ஒருவர் நேரம் குறிக்கட்டும். மூன்று, பதாகைக்கும் தேநீருக்கும் கூட்டித் துடைப்பதற்கும் முறைப் பட்டியல் போடுங்கள். அதில் தலைவரின் பெயரும் இருக்கட்டும்.

இன்னொன்று, உங்களுக்கு மட்டும். ரொபோவில் ஒரு பகுதியைக் கேட்டு வாங்குங்கள். தரையில் போட்ட கோட்டைப் பின்தொடரும் ரொபோ என்றால் அதன் உணரிகளை எடுங்கள். ஆய்வுகூட வெளிச்சத்தில் கறுப்பையும் வெள்ளையையும் சரியாகப் பிரித்த உணரி, போட்டி மண்டபத்து விளக்குக்குக் கீழே போனதும் தடுமாறும். அங்கே போய்த்தான் மறுபடி அளவைத் திருத்த வேண்டும். என் மாணவி ஒருத்தி ஒவ்வொரு வெளிச்சத்திலும் உணரி காட்டிய எண்களைக் காலை, மத்தியானம், இரவு என்று பிரித்து எழுதி வைத்திருந்தாள். யன்னல் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதுகூட அதில் இருந்தது. அந்தக் கொப்பி இல்லாமல் அணி போட்டிக்குப் போக முடியாது என்ற நிலை வந்தது. கொப்பி போனபோது அவளும் போனாள்.

கேள்வி: கழகத்தில் சேர்வதற்கு, சீனியர் அண்ணாமார் சொல்லும் நேரத்துக்கு விடுதி அறைக்கு வர வேண்டும், சாப்பாடு வாங்கிக் கொடுக்க வேண்டும், அவர்கள் சொல்வதையெல்லாம் ஒரு மாதம் செய்ய வேண்டும் என்கிறார்கள். இதுதான் எங்கள் கழக வழக்கமாம்.
– முதலாம் வருட மாணவன், மூதூர்

பதில்: தம்பி, இதற்குப் பெயர் பகிடிவதை. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். எந்த வழக்கமும் எந்த யாப்பும் அதற்கு மேலே நிற்க முடியாது. நாள், நேரம், யார் என்ன சொன்னார்கள் என்பதை எழுதி வையுங்கள். அனுப்பிய செய்திகளை அழிக்காதீர்கள். நம்பிக்கையான விரிவுரையாளர் ஒருவரிடம் போங்கள், வீட்டிலும் சொல்லுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். பயந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், உடனே பதில் போடுவேன். ரொபோ கட்ட ஆசைப்பட்டு வந்த பிள்ளையை இப்படி நடத்துகிறார்கள் என்று வாசித்தபோது எனக்கு நெஞ்சு கொதித்தது.

கேள்வி: போட்டியில் 60,000 ரூபாய் பரிசு கிடைத்தது. அணியில் போன ஐந்து பேரும் தங்களுக்கே என்கிறார்கள். மற்றவர்கள் கழகத்துக்கு என்கிறார்கள். பொருளாளரான நான் நடுவில் நிற்கிறேன்.
– மாணவன், நிலாவெளி

பதில்: நிலாவெளிப் பிள்ளைக்கு நான் கரைவலையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. விடிய எழும்பிக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். வலையும் தோணியும் சம்மாட்டியாருடையவை, அவற்றுக்கு ஒரு பங்கு. கயிற்றை இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு. இந்தப் பங்கு எவ்வளவு என்பது வலை கடலுக்குள் போவதற்கு முன்னரே எல்லாருக்கும் தெரியும். மடி கரைக்கு வந்து, மீன் துள்ளும்போது அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் கைகலப்பில்தான் முடியும். நீங்கள் இப்போது மீன் துள்ளும்போது கதைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மோட்டர், பற்றரி, அறை, போக்குவரத்து, எல்லாம் கழகத்தின் காசு. அதுதான் உங்கள் வலையும் தோணியும். நித்திரை முழித்துக் கட்டியது ஐந்து பேர் என்றால் அதுவும் பெரிய உழைப்பு. இந்த முறைக்கு, ரொபோவுக்குக் கழகம் செலவழித்ததை முதலில் கழகத்துக்குத் திருப்பிக் கொடுங்கள். மீதியில் பாதி கழகத்துக்கு, பாதி அணிக்கு. அணி என்றால் போட்டிக்குப் போன ஐந்து பேர் மட்டுமா, ரொபோவின் சட்டகத்தை வெட்டிக் கொடுத்தவரும் நிரல் திருத்தியவரும் சேர்த்தியா என்று வேலைக் கொப்பியைப் பார்த்துத் தீர்மானியுங்கள். கொப்பி இல்லையென்றால் எல்லாரையும் ஒன்றாக இருத்திக் கதைப்பதைத் தவிர வழியில்லை. கிண்ணமும் சான்றிதழும் வேறு விடயம். கிண்ணம் அறையில் இருக்கட்டும், சான்றிதழ் பெயருக்குரியவருக்கு. அடுத்த போட்டிக்கு விண்ணப்பம் அனுப்பும் நாளிலேயே பங்கை எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பொருளாளர் நடுவில் நிற்க வேண்டிய தேவை வராது.

கேள்வி: முன்னைய தலைவர் படிப்பை முடித்து வெளிநாடு போய்விட்டார். கழகத்தின் மின்னஞ்சல் கடவுச்சொல், நிரல்கள், பொருட்பட்டியல் எல்லாம் அவருடைய மடிக்கணினியில். நல்ல மனிதர், கேட்டால் தருவார். ஆனால் பதில் வர ஒரு மாதம் எடுக்கிறது. இந்த வருடம் நானும் வெளியேறுகிறேன். எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு இந்த நிலை வரக் கூடாது.
– கழகத் தலைவி, உவர்மலை

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன் மகள். இந்த ஐந்து கடிதங்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

தெரிவைக் கடைசி மாதத்தில் வைக்காதீர்கள். நீங்கள் வெளியேற இரண்டு மாதம் இருக்கும்போதே புதியவர்களைத் தெரிவு செய்து, அந்த இரண்டு மாதமும் இரண்டு குழுவும் ஒரே மேசையில் இருங்கள். முதல் மாதம் நீங்கள் செய்யுங்கள், அவர்கள் பார்க்கட்டும். அடுத்த மாதம் அவர்கள் செய்யட்டும், நீங்கள் வாயைத் திறக்காமல் பாருங்கள். பின்னது கஷ்டம், தெரியும். மின்னஞ்சல், நிரல் சேமிக்கும் கணக்கு எல்லாம் கழகத்தின் பெயரில் இருக்கட்டும். கடவுச்சொல்லை எழுதி ஒட்டிய உறை ஒன்று சிரேஷ்ட பொருளாளரிடம் இருக்கட்டும். பொருட்களைப் புதிய செயலாளரோடு சேர்ந்து கையால் தொட்டு எண்ணுங்கள், பட்டியலைப் பார்த்து எண்ணாதீர்கள். கடல் காற்று படும் ஊரில் நல்லது என்று எழுதியிருக்கும் பலகைகளில் பாதி பச்சை பூத்துக் கிடக்கும்.

அதற்குப் பிறகு ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, நீங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதையெல்லாம் உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். என் அப்பா எங்கள் ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தில் பல வருடம் செயலாளராக இருந்தார். அவர் பொறுப்பை ஒப்படைத்த கொப்பியை நான் பார்த்திருக்கிறேன். கூட்டக் குறிப்பு, சந்தா, கடன் எல்லாம் முடிந்து கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: “காசுப் பெட்டிக்குத் திறப்பு இரண்டு. ஒன்று சற்று வளைந்தது. அதைப் போட்டால் பெட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் திருப்பவும்.”